டிரெய்லர் பிளக் சூடானதற்குக் காரணம் எர்த் பின்

முட்டம் கடற்கரைப் பக்கம் நாங்கள் நடத்தும் சாப்பாட்டு டிரெய்லரை ஜீப்தான் இழுக்கும். உள்ளே இருக்கும் 12 வோல்ட் பிரிட்ஜுக்கும் ஓடும்போது ஜீப்பிலிருந்தே கரண்ட். நாகர்கோவில் போய்ச் சேர்வதற்குள் ஜீப்பையும் டிரெய்லரையும் இணைக்கும் பிளக் தொட முடியாத சூடு, பிளாஸ்டிக் தீயும் வாடை.

பியூஸ் போகவில்லை. போகவும் போகாது, அது அதிகக் கரண்டைத்தான் தடுக்கும், மோசமான இணைப்பு அதற்குத் தெரியாது. பிரிட்ஜ் 120 வாட்ஸ், அதாவது 10 ஆம்ப்ஸ். இணைப்பில் 0.2 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் குறையும், 20 வாட்ஸ் அந்தச் சின்னப் பின்னிலேயே வெப்பமாகும். சால்டரிங் அயர்னைச் செருகி வைத்த மாதிரி!

பிரிட்ஜை ஓடவிட்டு, பிளக்கின் இரு பக்க வயரிலும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். பாசிட்டிவ் சரி. எர்த்தில்தான், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் நெகட்டிவ் இணைப்பில்தான், வோல்டேஜ் விழுந்தது. கழற்றினால் ஒரே பச்சைக் களிம்பு, உப்புக்காற்றின் வேலை. விளக்குகளின் கரண்டும் அதே பின் வழியாகத் திரும்பியது.

மணல்தாளால் தேய்த்தால் அதிக நாள் தாங்காது. பிளக், சாக்கெட் இரண்டையும் மாற்றினேன். கறுத்த வயரை நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, வெள்ளீயம் பூசிய 2.5 சதுர மில்லிமீட்டர் வயரை கிரிம்ப் செய்து (முனையோடு நசுக்கிப் பிணைத்து), பிரிட்ஜுக்குத் தனி எர்த் கொடுத்தேன். அப்புறம் மார்த்தாண்டம் வரை ஓட்டிப் பார்த்தேன், பிளக்கைத் தாராளமாகப் பிடிக்க முடிந்தது.