முயல் குட்டிக்குக் கழிச்சல் கண்டால்

முயல் குட்டிகள் கழிச்சலால் அதிகமாகச் சாவது நாலாவது வாரத்துக்கும் எட்டாவது வாரத்துக்கும் நடுவில்தான். தாய்ப்பாலை விட்டுப் புல்லுக்கு மாறுகிற காலம் அது. பால் குடிக்கிற வரை, அந்தப் பாலிலிருந்து இரைப்பையில் உண்டாகும் கொழுப்பு அமிலம் கிருமிகளை அடக்கி வைக்கிறது. பால் நின்றதும் அந்தக் காவல் போய்விடும். வளர்ந்த முயலுக்கு உள்ள கடுமையான இரைப்பை அமிலமோ குட்டிக்கு இன்னும் முழு அளவில் ஊறத் தொடங்கியிருக்காது. இந்த நேரத்தில் நார் குறைந்து மாவு மிகுந்த தீவனம் உள்ளே போனால், செரிக்காத மாவு குடலில் புளிக்கும், கெட்ட கிருமி பெருகி நஞ்சு கக்கும். காலையில் துள்ளிய குட்டி மாலையில் மூலையில் சுருண்டு கிடக்கும். ஆட்டுக்குட்டிக்குப் பார்ப்பது போல "நாளைக்குப் பார்க்கலாம்" என்று முயலுக்கு விடக்கூடாது.

முதலில் அது கழிச்சல்தானா என்று பாருங்கள். நல்ல புழுக்கை உருண்டையாக, உலர்ந்து, பட்டாணி அளவில் இருக்கும். விரலால் நசுக்கினால் மரத்தூள் மாதிரி புல்லின் நார் உதிரும். இது தவிர, முயல் இன்னொரு வகையும் போடும்: கறுப்பாக, பளபளப்பாக, மல்பெரிப் பழம் போலக் கொத்தாக ஒட்டிய மென்புழுக்கை. அதைத் தானே ஆசனவாயிலிருந்து நேராக வாயில் எடுத்துத் தின்றுவிடும். உடம்புக்கு வேண்டிய சத்து அதில் இருக்கிறது. இந்தக் கொத்து நசுங்கிப் பின்பக்க மயிரில் அப்பியிருந்தால் பலர் கழிச்சல் என்று நினைத்து மருந்துக்கு ஓடுகிறார்கள். வழக்கமான உருண்டையும் கூடவே விழுந்து, குட்டியும் நன்றாகத் தின்றால் பயப்பட வேண்டாம். தவிடு, பெல்லட் (குச்சித் தீவனம்) போன்ற அடர்தீவனத்தைக் குறைத்து உலர்ந்த புல்லைக் கூட்டினால் சில நாளில் சரியாகும்.

தண்ணீராகப் போவது, உருண்டையே விழாமல் இருப்பது, இரத்தம் கலந்து வருவது, ஜவ்வரிசிக் கஞ்சி போல வழுவழுப்பான சளி மட்டும் வருவது: இவை நான்கும் ஆபத்து. சளி வருகிற குட்டி முதுகைக் கூனிக்கொண்டு பல்லை நறநறவென்று கடிக்கும். அது வலி. தூக்கி மெல்ல அசைத்தால் வயிற்றில் தண்ணீர் சலசலக்கும்.

அடுத்தது சூடு. முயலின் இயல்பான உடல்சூடு 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை. நோய்ப்பட்ட குட்டி சீக்கிரம் குளிர்ந்துவிடும். தொட்டால் காது சில்லென்று இருக்கும். மார்கழி, தை மாதங்களில் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் குளிரில் வெறும் கம்பிக்கூண்டில் விட்டால் கழிச்சலுக்கு முன்னால் குளிரே கொன்றுவிடும். அட்டைப்பெட்டியில் துணி விரித்து, கை பொறுக்கும் சூட்டில் நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு பக்கம் வையுங்கள். மறுபக்கம் காலியாக இருக்கட்டும். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ளும். நனைந்த பின்பக்கத்தை வெதுவெதுப்பான ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள். குளிப்பாட்டக் கூடாது. ஈரமும் நாற்றமும் இருந்தால் ஈ முட்டையிட்டு ஒரே நாளில் புழு வைத்துவிடும்.

குட்டி தானாக விழுங்குகிறது, வயிறு உப்பவில்லை என்றால் ஓ.ஆர்.எஸ். கொடுக்கலாம். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் முழுதாகக் கரையுங்கள். பாதியை உத்தேசமாகக் கொட்டினால் உப்பின் அளவு கெடும். அரை கிலோ குட்டிக்கு ஒரு நாளைக்கு சுமார் 50 மில்லி வேண்டும். ஊசி நீக்கிய 1 மில்லி சிரிஞ்சை முன்பல்லுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் பக்கவாட்டாக நுழைத்து, சொட்டுச் சொட்டாக விடுங்கள். மணிக்கு ஒருமுறை 2, 3 மில்லி போதும். மல்லாத்திப் பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டதும் அது கூடாரம் போல அப்படியே நின்றால், உடலில் நீர் வற்றியிருக்கிறது. அதற்கு வாய்வழி நீர் போதாது. மருத்துவர் தோலுக்கடியில் ஏற்ற வேண்டும். வயிறு தம்பட்டம் போல இறுகியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது.

உலர்ந்த புல் எப்போதும் முன்னால் இருக்கட்டும். உலர்த்திய கொழுக்கட்டைப் புல் நல்லது. அது இல்லையென்றால் பூஞ்சை இல்லாத கேழ்வரகுத் தாள். பசுந்தழை, தவிடு, பெல்லட், கேரட், பழம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மூன்று வாரத்துக்கு உட்பட்ட குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கவே வேண்டாம். தாய் ஒரு நாளைக்கு ஒருமுறை, அதுவும் 3 முதல் 5 நிமிடம்தான் பால் கொடுக்கும். அதைப் பார்க்காதவர்கள் பட்டினி என்று நினைத்துப் பசும்பால் புகட்டுவதாலேயே பல குட்டிகளுக்கு வயிறு கெடுகிறது. குட்டியின் வயிறு உருண்டிருந்தால் பால் குடித்திருக்கிறது என்று அர்த்தம்.

வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலின் சிரப்பைக் கொடுப்பதுதான் மிகப் பெரிய தவறு. அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் எல்லாம் வாய்வழியாகப் போனால் முயலின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து, நஞ்சு கக்கும் கிருமிக்கு இடம் விட்டுவிடும். மனிதருக்கான பேதி நிறுத்தும் மாத்திரையும் வேண்டாம். குடல் அசைவு நின்றால் முயல் பிழைக்காது.

இரத்தக் கழிச்சல் பெரும்பாலும் காக்சிடியா என்ற ஒட்டுண்ணியால் வருவது. அதற்கு மருந்து உண்டு. ஆனால் அளவை எடைக்கு ஏற்ப மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சமையல் தராசில் குட்டியின் எடையைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். அன்று விழுந்த புழுக்கையை மூடிய டப்பாவில் கொண்டு போங்கள். கூடப்பிறந்த குட்டிகளுடையதையும் தனியாக எடுங்கள். 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணில் கேட்கலாம். முயல் பார்த்துப் பழகிய மருத்துவர் அருகில் இல்லையென்றால், ஓசூர்க்காரர்களுக்கு 40 கிலோமீட்டரில் பெங்களூரு இருக்கிறது.

காக்சிடியாவின் முட்டை புழுக்கையோடு விழுந்து, ஈரத்தில் இரண்டு மூன்று நாளில் தொற்றும் நிலைக்கு வரும். அதனால் தினமும் கூட்டி எடுத்தாலே பாதி வேலை முடிந்தது. பினாயில் அந்த முட்டையைக் கொல்லாது. கொதிநீர் ஊற்றிக் கழுவி, கூண்டை நல்ல வெயிலில் காயவையுங்கள்.

தீவனத்தையும் சோதியுங்கள். பிராய்லர் கோழித் தீவனத்தில் கலக்கும் சாலினோமைசின், மதுராமைசின் போன்ற மருந்துகள் முயலுக்கு நஞ்சு. மழையில் நனைந்த கடலைக்கொடியிலும் பழைய கடலைப் புண்ணாக்கிலும் பூஞ்சை இருக்கும். ராயக்கோட்டைச் சந்தையில் ஒதுக்கும் முட்டைக்கோஸ் வெளி இலை சும்மா கிடைக்கிறது என்று எடுத்து வருகிறார்கள். பூச்சிமருந்து அதில்தான் அதிகம் படிந்திருக்கும், வாயுவும் பிடிக்கும். மல்பெரித் தழை நல்ல தீவனம்தான், ஆனால் மருந்து அடித்த தோட்டமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். எந்தத் தழையையும் குவித்துச் சூடேற விடாமல் பரப்பி வையுங்கள்.

உருண்டைப் புழுக்கை தொடர்ந்து இரண்டு நாள் விழுந்த பிறகு, முதல் நாள் வேலிமசால் தழை நாலைந்து காம்பு கொடுங்கள். மறுநாள் புழுக்கையை நசுக்கிப் பாருங்கள். நார் உதிர்ந்தால் தழையைக் கொஞ்சம் கூட்டலாம். பெல்லட் அதற்குப் பிறகுதான், ஒரு டீஸ்பூனில் தொடங்கி, முழு அளவுக்கு வரப் பத்து நாள் ஆகட்டும்.