சிங்கராஜ வன விளிம்பில் ஒரு மீள்புதுப்பிக்கத்தக்க சக்திப் பட்டறை: கலந்துகொள்வோருக்கான வழிகாட்டி

இலங்கையின் ஈரவலயத்தில், தெனியாய, கலவான ஆகிய ஊர்களுக்கு அப்பால் சிங்கராஜ மழைக்காட்டை ஒட்டி அமைந்துள்ள விடுதிகள், நீர், வெயில், சமையலறைக் கழிவு ஆகியவற்றிலிருந்து சக்தி பெறும் முறைகளைக் கற்பிப்பதற்கு மிகப் பொருத்தமான இடங்கள். விடுதியே அங்கு ஆய்வுகூடமாகிவிடுகிறது: பின்புறத்து ஓடையில் நீரின் வலுவால் சுழலும் ஒரு சிறு சுழலி (டர்பைன்), கூரையில் சூரிய மின்தகடுகள், சமையலறைக்குப் பின்னால் உயிர்வாயுத் தொட்டி என மூன்றும் கூப்பிடு தூரத்தில் இருந்தால், நான்கைந்து நாட்களில் ஒருவர் கற்கக்கூடியது ஏராளம். ஆனால் நகரத்து வகுப்பறைக்குச் செல்வதுபோல வெறுங்கையுடன் சென்றால், அழகான காட்டையும் சில நிழற்படங்களையும் தவிர அதிகம் எஞ்சாது. பட்டறையின் பயனில் பாதி, புறப்படுவதற்கு முன்னரே உங்கள் வீட்டில் தீர்மானிக்கப்படுகிறது.

எப்போது செல்வது

சிங்கராஜவில் ஆண்டுக்குச் சுமார் 3,600 முதல் 5,000 மில்லிமீற்றர் வரை மழை பெய்கிறது. தென்மேற்குப் பருவமழை மே முதல் ஜூலை வரையும், வடகிழக்குப் பருவமழை நவம்பர் முதல் ஜனவரி வரையும் அதன் பெரும்பகுதியைக் கொண்டுவருகின்றன. பெப்ரவரியில்தான் காடு சற்று உலர்ந்திருக்கும். தெரிவு உங்கள் கையில் இருந்தால் பெப்ரவரியில் நடைபெறும் பட்டறையையே தெரிவுசெய்யுங்கள். நடப்பதற்கு எளிது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நீர்மின் அமைப்பை வடிவமைக்க வேண்டியது ஓடை மெலிந்திருக்கும் மாதத்தின் அளவைக் கொண்டே. ஜூன் மாதத்து வெள்ளத்தை அளந்து கணக்கிட்டவருடைய சுழலி, பெப்ரவரியில் பாதி வலுவையும் தராது. மழைக்காலத்தில்தான் செல்ல முடியும் என்றால், விடுதியின் ஓடை கோடையில் எவ்வளவு குறைகிறது என்பதற்கான பதிவேடு உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமின்னல் கடுமையாக இருக்கும். களப்பயிற்சி காலையில் முடிகிறதா என்பது அம்மாதங்களில் கேட்டறிய வேண்டிய விடயம்.

விண்ணப்பிக்கும் முன்

ஏற்பாட்டாளர்களிடம் கேட்க வேண்டியவை சிலவே. பயிற்சி எந்த மொழியில் நடக்கும், தமிழில் விளக்கக்கூடிய ஒருவராவது இருப்பாரா என்பது முதலாவது; தென்மாகாணத்திலும் சப்ரகமுவவிலும் ஊர்மக்களுடனான உரையாடல் பெரும்பாலும் சிங்களத்திலேயே நடக்கும். பங்கேற்பவர்கள் தாமே குழாய் பொருத்தி, கம்பி இணைத்து, அளவெடுப்பார்களா, அல்லது செய்வதைச் சுற்றிநின்று பார்ப்பார்களா என்பது இரண்டாவது. விடுதியின் சொந்த அமைப்பு உண்மையில் இயங்குகிறதா, இயங்கினால் அதன் மாதாந்த மின்னளவுப் பதிவைக் காட்டுவார்களா என்பது மூன்றாவது. பதாகையில் பசுமை என்று எழுதிவிட்டுக் கட்டடத்துக்குப் பின்னால் டீசல் மின்பிறப்பாக்கியை ஓட்டும் விடுதியிலும் கற்பதற்கு ஏதாவது இருக்கும், ஆனால் கட்டணம் செலுத்துமுன் அது தெரிந்திருப்பது நல்லது.

தமிழகத்திலிருந்து வருபவர்கள் மின்னணுப் பயண அனுமதியைப் புறப்படுமுன்னரே பெற வேண்டும். குறுகிய காலப் பயிற்சிகளும் பட்டறைகளும் அதில் வணிக நோக்கப் பிரிவுக்குள் வருவதால், சுற்றுலாப் பிரிவில் விண்ணப்பிக்கும் முன் ஏற்பாட்டாளர்களிடம் ஒரு சொல் கேட்டுவிடுங்கள். மின்னழுத்தம் இந்தியாவைப் போலவே 230 வோல்ட்தான். ஆனால் புதிய கட்டடங்களில் மூன்று தட்டைக் கால்கள் கொண்ட செருகிகளுக்கே இடமிருப்பதால் ஒரு மாற்றுச் செருகி தேவைப்படும்.

கையோடு கொண்டுசெல்ல வேண்டிய கணக்கு

பட்டறைக்கு வருபவர்களில் பலர் எந்த மின்தகடு சிறந்தது என்ற கேள்வியோடு வருகிறார்கள். அதற்கு முன்னால் நிற்கும் கேள்வி, தமக்கு எவ்வளவு மின்சாரம் தேவை என்பது. வீட்டிலோ பள்ளியிலோ விடுதியிலோ உள்ள ஒவ்வொரு சாதனத்தின் வாட் அளவையும், அது நாளொன்றுக்கு எத்தனை மணிநேரம் ஓடுகிறது என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, 7 வாட் எல்இடி விளக்குகள் ஆறு, ஐந்து மணிநேரம் எரிந்தால் 210 வாட்-மணி, 55 வாட் மின்விசிறி எட்டு மணிநேரத்துக்கு 440, 60 வாட் தொலைக்காட்சி மூன்று மணிநேரத்துக்கு 180, தொலைபேசிகளுக்கு 30. ஆக 860 வாட்-மணி, அதாவது ஓர் அலகுக்கும் (1,000 வாட்-மணி) சற்றுக் குறைவு. இதில் ஒரு குளிர்சாதனப் பெட்டியைச் சேர்த்தால் தேவை ஏறத்தாழ இருமடங்காகிவிடும்.

இத்துடன் இன்னொரு வரியும் வேண்டும்: ஒரே நேரத்தில் எவையெவை ஓடும்? சோறு சமைக்கும் மின்குக்கர் அரைமணி நேரமே ஓடுவதால் அலகுக் கணக்கில் சிறிதாகத் தெரியும்; ஆனால் அந்த அரைமணியில் அது 500 வாட்டுக்கு மேல் கேட்கும். மொத்தச் சக்தியையும் உச்ச வலுவையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்குப் பட்டறையின் முதல் நாள் வகுப்பு மீள்பார்வையாகவே இருக்கும்.

பையில் என்ன இருக்க வேண்டும்

முழங்கால் வரை இறுக்கமாக நெய்த அட்டைக் காலுறை, விரைவில் உலரும் உடை, குடையைவிட மழையங்கி, நீர்புகாத உறை, ஈரத்திலும் எழுதக்கூடிய பென்சில். காட்டோரத்தில் அட்டை கடிக்காமல் திரும்பியவர் அரிது. கடித்த அட்டையைப் பிய்த்தெடுக்காமல், நகத்தால் மெல்ல வழித்து விலக்க வேண்டும். அதைவிடக் கவனிக்க வேண்டியது எலிக்காய்ச்சல். இரத்தினபுரி, காலி, களுத்துறை மாவட்டங்களில் அது புதிய செய்தி அல்ல; தடுப்பணை கட்டும் பயிற்சியில் காயமுள்ள காலுடன் சேற்றுநீரில் நிற்பவருக்கு ஆபத்து உண்டு. பயணத்துக்கு முன் மருத்துவரிடம் தடுப்பு மருந்து பற்றிக் கேட்டு, திரும்பியபின் காய்ச்சல் வந்தால் காட்டுநீரில் இறங்கியதை மறக்காமல் சொல்லுங்கள். சருகுகளுக்குள் விரியன் வகைப் பாம்புகள் கிடக்கும் என்பதால் இரவில் கைவிளக்கின்றி நடக்கக் கூடாது, கல்லைப் புரட்டும்போது வெறுங்கையை நுழைக்கவும் கூடாது.

கருவிகளில் மின்னழுத்தமும் மின்னோட்டமும் அளக்கும் ஒரு சிறிய மல்ட்டிமீற்றரும் ஐந்து மீற்றர் அளவுநாடாவும் போதும். மற்றவை அங்கிருக்கும்.

ஓடையில் கழிக்க வேண்டிய நேரம்

அட்டவணையில் எவ்வளவு நேரம் ஒதுக்கப்பட்டிருந்தாலும், மழைக்காட்டில் உங்கள் கவனத்தின் பெரும்பகுதி நீருக்கே உரியது. ஏன் என்பதைக் கணக்கே சொல்லும். நீரின் வலுவை வாட்டில் அறிய, நொடிக்கு எத்தனை லீற்றர் பாய்கிறது என்பதை, நீர் விழும் உயரத்தாலும் 9.81 ஆலும் பெருக்க வேண்டும். நொடிக்கு 5 லீற்றர் நீர் 40 மீற்றர் உயரத்திலிருந்து இறங்கினால் 1,962 வாட். குழாயின் உராய்விலும் சுழலியிலும் மின்பிறப்பாக்கியிலும் பாதி போய்விடும் என்று கொண்டால் கையில் மிஞ்சுவது ஏறத்தாழ 1 கிலோவாட். அது இரவும் பகலும் ஓடுவதால் நாளொன்றுக்கு 24 அலகு. மேகமும் மரநிழலும் சூழ்ந்த அதே இடத்தில் முழு வெயிலுக்குச் சமமான நேரம் மூன்றரை மணி என்று வைத்துக்கொண்டால், அதே 24 அலகைப் பெற ஏழு கிலோவாட் அளவுக்கு மின்தகடுகளும், அவற்றோடு இரவுக்கான மின்கலங்களும் வேண்டியிருக்கும்.

நீரின் அளவை அறிவதற்கு மிகச் சிறந்த கருவி வாளிதான். ஓடையை ஒரு குழாய்க்குள் திருப்பி, 20 லீற்றர் வாளி நிரம்ப நான்கு நொடி ஆனால் நொடிக்கு 5 லீற்றர். ஓடை பெரிதாக இருந்தால், பலகையில் 90 பாகை கோணத்தில் ஆங்கில வி வடிவ வெட்டு வெட்டிக் குறுக்கே பொருத்தி, வெட்டின் அடியிலிருந்து நீர்மட்டம் எவ்வளவு உயர்கிறது என்று அளப்பார்கள். 10 சென்ரிமீற்றர் உயர்ந்தால் நொடிக்கு ஏறத்தாழ 4.4 லீற்றர். மிதவையை விட்டு வேகத்தை அளக்கும் முறையும் உண்டு, ஆனால் நீரின் மேற்பரப்பு அடியைவிட விரைவாக ஓடுவதால், கல்லடர்ந்த ஆழமற்ற ஓடையில் கிடைக்கும் விடையை 0.6 அளவால் பெருக்கிக் குறைக்க வேண்டும். மூன்று முறைகளையும் ஒரே இடத்தில் செய்து பார்க்கும்படி பயிற்றுநரிடம் கேளுங்கள். விடைகள் ஒத்துப்போகமாட்டா, எந்த விடையை எவ்வளவு நம்பலாம் என்று பழகிக்கொள்வதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

உயரத்தை அளக்கக் கைத்தொலைபேசியை நம்ப வேண்டாம். அது பல மீற்றர்கள் தவறக்கூடும். நீர் நிரப்பிய, உள்ளே தெரியும் நெகிழிக் குழாயைப் படிப்படியாக நகர்த்தி அளக்கலாம், அல்லது மேலிருந்து கீழே வரை ஒரு நீர்க்குழாயை விரித்து, அதன் அடிமுனையில் அழுத்தமானியைப் பொருத்தலாம். நீர் ஓடாமல் நிற்கும்போது அழுத்தமானி காட்டும் ஒரு பார் (bar) அழுத்தம் என்பது ஏறத்தாழ 10.2 மீற்றர் உயரம்.

சுழலியறைக்குள் நுழைந்ததும் அனைவரும் நீர்த்தாரை மோதிச் சுழலும் பெல்ற்றன் சக்கரத்தின் கிண்ணங்களைத்தான் படமெடுப்பார்கள். நீங்கள் மேலேறி நீர் எடுக்குமிடத்துக்குச் செல்லுங்கள். மழைக்காட்டு நீர்மின் அமைப்புகள் நிற்பது பெரும்பாலும் இலைகளால்: சல்லடை அடைபட்டு, குழாய்க்குள் காற்று நுழைந்து, வலு சரிகிறது. சல்லடை எந்தச் சாய்வில் இருக்கிறது, மணல் படியும் தொட்டி எவ்வளவு பெரிது, அதை யார் எத்தனை நாளுக்கொருமுறை துப்புரவு செய்கிறார் என்று எழுதிக்கொள்ளுங்கள். நீரை எடுத்த இடத்துக்கும் அது திரும்பச் சேரும் இடத்துக்கும் இடையில் ஓடையில் எவ்வளவு நீர் விடப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். அந்த இடைவெளி வறண்டுபோனால், வேறெங்கும் இல்லாத மீன்கள் வாழும் ஓடை அங்கே அறுபட்டுவிடும். அப்படி அமைந்த நிலையத்தைப் பசுமையானது என்று அழைப்பதற்கு எனக்கு மனம் வருவதில்லை.

இலங்கையின் கிராமத்து நீர்மின் அமைப்புகளில் தனியான மின்பிறப்பாக்கிக்குப் பதிலாகச் சாதாரண மும்முனை மோட்டாரைக் கப்பாசிட்டர்களுடன் இணைத்து மின்பிறப்பாக்கியாக ஓட்டும் முறை பரவலானது. வீடுகள் பயன்படுத்தாமல் விடும் மின்சாரத்தை ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி வெப்பச் சுருள்களுக்குத் திருப்பிவிடுவதால் மின்னழுத்தம் நிலையாக நிற்கிறது. அச்சுருள் எரிந்துபோனால் நள்ளிரவில் மின்னழுத்தம் ஏறி விளக்குகள் வெடிக்கும். சுமை மிகுந்தால் மோட்டார் தானாகவே மின்னழுத்தத்தை இழந்து நின்றுவிடும். இவ்விரண்டையும் பயிற்றுநர் பாதுகாப்பான முறையில் செய்துகாட்டச் சம்மதித்தால், அந்த ஒரு மணிநேரத்தைத் தவறவிடாதீர்கள்.

வெயிலும் எரிவாயுவும்

சூரிய மின்தகடு பற்றிய வகுப்பில் நிழலை மட்டும் ஊன்றிக் கவனியுங்கள். ஒரு தகட்டின் சில கலங்கள் மீது கிளையொன்றின் நிழல் விழுந்தாலே அதன் மூன்றிலொரு பங்கு செயலிழக்கக்கூடும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் தகடு கிடையாகவே இருக்கலாம் என்று ஏட்டுக் கணக்கு சொன்னாலும், ஈரவலயத்தில் பாசி படியாமல் மழைநீர் வழிந்தோட 10 பாகையாவது சாய்வு வேண்டும். இன்வேர்ட்டர் பெட்டிக்குள் எறும்பும் பல்லியும் புகாதபடி என்ன செய்திருக்கிறார்கள், மின்னலுக்கான நிலத்தொடுப்பு எங்கே இருக்கிறது என்பவற்றையும் திறந்துகாட்டச் சொல்லுங்கள். உயிர்வாயு எளிது: ஒரு கனமீற்றர் வாயு, ஏறத்தாழ அரைக்கிலோ சமையல் எரிவாயு செய்யும் வேலையைச் செய்யும்.

ஊர்மக்களிடம் கேட்க வேண்டியது

விடுதிக்கு வெளியே ஓர் அரைநாள் ஒதுக்கப்பட்டிருந்தால் அதை நீர்மின் வரலாறு உள்ள ஊர் ஒன்றில் கழிக்கும்படி வற்புறுத்துங்கள். மலையகத் தேயிலைத் தொழிற்சாலைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஓடைநீரால் இயந்திரங்களை ஓட்டின. தேசிய மின்கம்பி வந்தபின் அவற்றில் பெரும்பாலானவை கைவிடப்பட்டன. 1990களின் தொடக்கத்திலிருந்து, இடைநிலைத் தொழில்நுட்ப அபிவிருத்திக் குழு (ITDG) என்ற பிரித்தானியத் தொண்டு நிறுவனத்தின் துணையுடனும், பின்னர் உலக வங்கியின் கடனுதவித் திட்டங்கள் வழியாகவும், மின்கம்பி எட்டாத சப்ரகமுவ, தென்மாகாணக் கிராமங்கள் மின் நுகர்வோர் சங்கங்களை அமைத்துத் தமக்கான நிலையங்களைத் தாமே கட்டிக்கொண்டன. வீடொன்றுக்கு 100 முதல் 250 வாட் வரை பங்கிட்டு வாழ்ந்த அந்த ஊர்களுக்கு மின்சார சபையின் கம்பி வந்துசேர்ந்ததும் பல சங்கங்கள் கலைந்துபோயின. இயங்கும் சங்கத்தை மட்டும் பார்த்துத் திரும்பாமல், நின்றுபோன ஒன்றின் பழைய பொருளாளரையும் தேடிக் கேளுங்கள்: மாதக்கட்டணம் எவ்வளவு, சுழலியின் தாங்கி (பெயரிங்) தேய்ந்தபோது பணம் எங்கிருந்து வந்தது, மின்குக்கர் வாங்கிய முதல் வீட்டோடு சங்கம் எப்படிப் பேசியது? பட்டறையின் கையேடுகளில் இவற்றுக்கு விடை இருப்பது அரிது.

ஊர் திரும்பியபின்

உங்கள் ஓடையில் ஓர் அளவுகோலை நட்டு, வாரம் ஒருமுறை நீர்மட்டத்தைக் குறித்துவாருங்கள். ஓராண்டுப் பதிவு கையில் இருக்கும்போது விற்பனையாளரிடம் விலை கேட்பது நல்லது. அந்த ஓராண்டைக் காகித வேலைக்கும் பயன்படுத்தலாம். நிலைபேறான சக்தி அதிகாரசபையிடமும் பிரதேச செயலகத்திடமும் உங்கள் திட்டத்தின் அளவுக்கு எந்த அனுமதி தேவை என்று எழுத்துமூலம் கேளுங்கள். ஓடை காப்புக்காட்டுக்குள் இருந்தால் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் சம்மதமின்றி ஒரு கல்லையும் நகர்த்தக் கூடாது. மலையகத்தில் தோட்டத் தொழிலாளர்கள் வாழும் லயத்து வீடுகளுக்காகத் திட்டமிடுபவர்கள், நீர் எடுக்கும் இடமும் குழாய் செல்லும் பாதையும் சுழலியறையும் தோட்ட நிருவாகத்தின் காணிக்குள் வரும் என்பதை மனத்தில் கொண்டு, முகாமையாளரின் வாய்மொழிச் சம்மதத்தோடு நின்றுவிடாமல், முகாமையாளர் மாறினாலும் செல்லக்கூடிய கடிதமொன்றைக் கம்பனியிடமிருந்து பெற்றபின்னரே சங்கத்துக்குப் பணம் சேர்க்கத் தொடங்க வேண்டும்.