சுதந்திரமா, சுற்றுச்சூழலா என்று கேட்பதே தவறு

தனிமனித சுதந்திரத்தை முதலில் வைக்கும் லிபரல் சிந்தனையையும் சுற்றுச்சூழலையும் சேர்த்துப் பேசும்போது பலரும் சறுக்குவது தொடக்கத்திலேயேதான். சுதந்திரம் என்றால் என் இஷ்டப்படி நடப்பது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சூழல் சட்டமும் அதைப் பறிப்பதாகவே தெரியும். பிறருக்குத் தீங்கு வராமல் தடுக்கத்தான் ஒருவருடைய சுதந்திரத்தில் தலையிடலாம் என்று ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-லேயே எழுதினார். புகை பிறர் மூச்சுக்குள் போகிறதே, அது தீங்கில்லையா?

1952 டிசம்பர் லண்டனை நினைத்துப் பாருங்கள். அவரவர் காசில் வாங்கிய நிலக்கரி, அவரவர் வீட்டுக் கணப்பு. யாரும் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. ஆனால் 5 நாள் கலையாமல் நின்ற புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். 1956-ல் வந்த தூய காற்றுச் சட்டம், புகைக்குத் தடையுள்ள பகுதிகளை உள்ளாட்சிகள் அறிவிக்க வழிசெய்தது. அதோடு விடவில்லை, கணப்பை மாற்றும் செலவில் பெரும்பகுதியைப் பொதுப்பணத்திலிருந்து கொடுத்தது.

இந்தப் பின்பாதியை மறப்பதுதான் என் கணக்கில் மிகப் பெரிய தவறு. 2018-ல் பிரான்சில் எரிபொருள் வரியை உயர்த்தப் போனபோது, காரை விட்டால் வேறு வழியில்லாத ஊர்க்காரர்கள் மஞ்சள் மேலங்கியோடு சாலையில் இறங்கினார்கள். அரசு பின்வாங்கியது. கரியமில வாயு உமிழ்வுக்கு ஏற்ப விதிக்கும் கார்பன் வரி நல்ல கருவிதான்; ஸ்வீடனில் அது 1991 முதல் இருக்கிறது. ஆனால் சுமை யார் தலையில் விழுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

சரி, இவ்வளவு அவசரம் என்றால் ஜனநாயகத்தைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வைக்கலாமே என்பார்கள் சிலர். இதைக் கேட்டால் எனக்குப் பயமாக இருக்கிறது. பருத்திக்காக ஆறுகளைத் திருப்பி மத்திய ஆசியாவின் பெரிய ஏரியான ஆரல் கடலை வற்றவைத்தது, கேள்வி கேட்கச் சுதந்திரமான பத்திரிகையோ நீதிமன்றமோ இல்லாத சோவியத் ஆட்சி.

அப்புறம், இன்று உயிரோடு இருப்பவர்களின் சுதந்திரத்தை மட்டும் எண்ணுவது இன்னொரு தவறு. ஜெர்மனியின் 2019 காலநிலைச் சட்டம், உமிழ்வைக் குறைக்கும் பாரத்தில் பெரும்பகுதியை 2030-க்குப் பின்னால் தள்ளியிருந்தது. அது இளையவர்களின் வருங்காலச் சுதந்திரத்தைப் பாதிக்கிறது என்று அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் 2021-ல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, கார்பன் சமநிலைக்கான, அதாவது வெளியேறும் அளவும் உறிஞ்சப்படும் அளவும் சமமாவதற்கான, இலக்கை 2050-லிருந்து 2045-க்கு முன்னால் கொண்டுவந்தது.