காட்டு ஏரிக்குப் பெயர்க்குறிப்பு எழுதுவது எப்படி?

காட்டுக்குள் இருக்கும் ஏரியைப் பற்றி எழுதும்போது பெயரை முதலில் தேடாதீர்கள். தண்ணீர் எங்கே வருகிறது, எங்கே போகிறது என்பதை முதலில் பிடியுங்கள். பக்கத்துப் பக்கத்து ஏரிகளில் பெயர் இடம் மாறிவிடும். மதகும் ஓடையும் மாறுவது அபூர்வம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மிசிசிப்பி ஆறு புறப்படும் இட்டாஸ்கா ஏரி இதற்கு நல்ல பாடம்.

1:24,000 அளவுள்ள நில வரைபடத்தை எடுங்கள். அதில் 1 செ.மீ. என்பது தரையில் 240 மீட்டர். ஓடையைக் கடக்கும் சமஉயரக் கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பவை) 'V' போல வளையும். அதன் முனை மேட்டுப் பக்கம், அதாவது தண்ணீர் வரும் திசையைக் காட்டும். ஏரிக்கு வரத்து பல இருக்கலாம், போக்கு பெரும்பாலும் ஒன்றுதான். மிசிசிப்பி தெற்கே மெக்சிகோ வளைகுடாவில் கலக்கிறது என்பதால் ஏரியிலிருந்தும் தெற்கே இறங்கும் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். உண்மையில் அது ஏரியின் வடமுனையில் வெளியேறி, வடக்கே போய், பிறகுதான் வளைந்து தெற்கே திரும்புகிறது.

பரப்பளவுக்கு 5 மி.மீ. கட்டத்தாளை மேலே வைத்து எண்ணுங்கள். ஒரு கட்டம் 1.44 ஹெக்டேர். பாதிக்கு மேல் தண்ணீர் உள்ள கட்டத்தை ஒன்றாகக் கொள்ளலாம். செயற்கைக்கோள் படத்தை மட்டும் நம்பினால் கரையோரக் கோரைப்புல் நிலமாகத் தெரிந்து அளவு குறையும். இட்டாஸ்காவுக்குக் கவை போல கிளைகள் உண்டு. இப்படிப்பட்ட ஏரியின் இருப்பிடத்தைக் குறிக்கக் கணக்குப்படி நடுப்புள்ளி எடுத்தால் அது கரையில் விழக்கூடும், ஆகவே புள்ளியைத் தண்ணீருக்குள் நகர்த்தி வையுங்கள்.

இனி பெயர். ஒவ்வொரு பெயருக்கும் யார் வைத்தது, எந்த ஆண்டு, எந்த மொழி என்ற மூன்றும் வேண்டும். அப்பகுதிப் பழங்குடிகளான ஓஜிப்வே மக்கள் இட்டாஸ்கா ஏரியை எல்க் மானின் பெயரால் அழைத்தார்கள். பிரெஞ்சு வணிகர்கள் அதையே லாக் லா பீஷ் என்றார்கள். 1832-இல் ஓஜிப்வே தலைவர் ஓசாவிண்டிப் வழிகாட்ட அங்கே போன அமெரிக்க ஆய்வுப் பயணி ஹென்றி ஸ்கூல்கிராஃப்ட், 'வெரிடாஸ் கபுட்' (உண்மை, தலை) என்ற லத்தீன் சொற்களின் தலையையும் வாலையும் வெட்டி 'இட்டாஸ்கா' ஆக்கினார். இட்டாஸ்கா என்ற பழங்குடிப் பெண்ணின் கதை பிற்காலப் புனைவு. அதைப் பெயர்க்காரணமாக எழுதாதீர்கள்.

சிக்கல் இதற்குப் பிறகுதான். இன்று 'எல்க் ஏரி' என்பது தெற்கே ஒட்டியிருக்கும் வேறொரு சிறிய ஏரி. பழைய குறிப்பில் எல்க் ஏரி என்று கண்டால் ஆண்டைப் பாருங்கள், போக்கோடையைப் பாருங்கள். 1881-இல் அங்கே போன வில்லர்ட் கிளேசியர் என்ற பயணி இந்தச் சிறிய ஏரியே மிசிசிப்பியின் மூலம் என்று சாதித்து, தன் பெயரையே அதற்குச் சூட்டப் பார்த்தார். 1889-இல் நில அளவையாளர் ஜேக்கப் புரோவர் அப்பகுதியை அளந்த பிறகு அந்த வாதம் எடுபடவில்லை. தமிழில் 'கிளேசியர் ஏரி' என்று மட்டும் எழுதினால் பனியாறு என்றே படிப்பார்கள், அதனால் ஆளின் முழுப்பெயரையும் சேருங்கள்.

வழக்கொழிந்த பெயர்களையும் மாற்றுப்பெயராகப் பதியுங்கள். புதுப்பெயர் முன்மொழிவதானால், அமெரிக்கப் புவிப்பெயர் வாரியம் ஒருவர் இறந்து ஐந்தாண்டுகளாவது ஆன பிறகே அவர் பெயரை ஏற்கும். சட்டப்படி காக்கப்படும் வனாந்தரப் பகுதிக்குள், தவிர்க்க முடியாத தேவை இருந்தாலொழிய, புதுப்பெயரே வைக்க விடாது.