குஞ்சு கீழே கிடக்கிறதா? தூக்குவதற்கு முன்னால் மேலே பாருங்கள்

போன மே மாதம் வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருமுனையில் ஆறேழு பேர் வட்டம் கட்டி நின்றார்கள், நடுவில் ஒரு மைனாக் குஞ்சு வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பையன் ஓடிவந்து, "அண்ணா, குஞ்சு ஒண்ணு விழுந்து கீதுண்ணா, தண்ணி ஊத்தட்டா?" என்று கேட்டான். நான் நிமிர்ந்து கரண்ட் கம்பியைப் பார்த்தேன். தாய் மைனா அங்கேயே இருந்தது. அலகில் ஒரு வெட்டுக்கிளி, அதன் கால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. இத்தனை பேர் நிற்கும்போது அது எப்படி இறங்கும்? எல்லாரையும் நகரச் சொல்லிவிட்டு எதிர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தோம். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, இறங்கிவந்து ஊட்டிவிட்டுப் போய்விட்டது.

கீழே கிடக்கும் குஞ்சு எல்லாமே அனாதை இல்லை. பாதிக்கு மேல் நாம் தூக்கிக்கொண்டு போவதால்தான் அனாதையாகிறது என்றே நான் நினைக்கிறேன்.

முதலில் இறகைப் பாருங்கள். உடம்பு முழுக்க இறகு வந்து, வால் மட்டும் குட்டையாக, அலகின் ஓரம் மஞ்சளாக, கிட்டே போனால் தத்தித் தத்தி ஓடுகிறது என்றால் அது பறக்கப் பழகும் குஞ்சு. கூட்டை விட்டு இறங்கிச் சில நாள் தரையிலும் செடியிலும் திரிவது அதற்கு இயல்பு, அம்மா அப்பா இரண்டும் தேடிவந்து தீனி கொடுக்கும். அதை விட்டுவிடுங்கள். ரோட்டிலோ பூனை, நாய் நடமாடும் இடத்திலோ இருந்தால் மட்டும் மெதுவாகத் தூக்கிப் பக்கத்திலேயே ஒரு செம்பருத்திச் செடியிலோ வேலியிலோ உட்கார வையுங்கள். குஞ்சு கத்தினால் தாய்க்குக் கேட்கும் தூரமாக இருக்க வேண்டும், அடுத்த தெருவுக்குக் கொண்டுபோகக் கூடாது. அப்புறம் தள்ளி நின்று ஒரு மணி, இரண்டு மணி நேரம் பாருங்கள்.

"மனுஷன் தொட்டால் தாய் சேர்க்காது" என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். அது உண்மை இல்லை. பெரும்பாலான பறவைகள் குஞ்சைக் குரலை வைத்தும் கூட்டின் இடத்தை வைத்தும்தான் தேடிவருகின்றன, நம் கை வாசத்துக்காக ஒதுக்குவதில்லை. இந்த ஒரு நம்பிக்கையால் கூட்டில் திரும்ப வைத்திருக்க வேண்டிய எத்தனையோ குஞ்சுகள் அட்டைப் பெட்டியில் செத்திருக்கின்றன.

இறகே இல்லாமல், தோல் தெரிய, கண்கூடத் திறக்காத குஞ்சு என்றால் அது நிஜமாகவே விழுந்தது. அதைத் திரும்பக் கூட்டில் வைப்பதுதான் வைத்தியம். உடம்பு சில்லென்று இருந்தால் உள்ளங்கையில் கொஞ்ச நேரம் பொத்தி வைத்துச் சூடேற்றிய பிறகு வையுங்கள், குளிர்ந்துபோன குஞ்சால் வாயைத் திறந்து தீனி கேட்க முடியாது. கோடை மழைக்கு முன்னால் அடிக்கும் காற்றில் வேப்பங்கிளையோடு கூடும் சேர்ந்து விழுந்திருக்கலாம். அப்படியானால் ஒரு சின்னக் கூடையோ, அடியில் நாலு ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவோ எடுத்து, விழுந்த கூட்டின் நாரையும் காய்ந்த புல்லையும் உள்ளே வைத்து, அதே மரத்தில் நிழலான கிளையில் கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். ஓட்டை முக்கியம், இல்லையென்றால் அடுத்த மழையில் குஞ்சு தண்ணீரில் கிடக்கும். பஞ்சும் டர்க்கி டவலும் வேண்டாம், நூல் கால் விரலில் சுற்றிக்கொள்ளும். காக்கைக் கூடு என்றால் தலைக்கு மேல் குடை பிடித்துக்கொண்டு போங்கள், கண்டிப்பாகக் கொத்த வரும். கூட்டில் குயில் குஞ்சு ஒன்று இருந்தாலும் எடுக்காதீர்கள், அதற்கும் தீனி கொடுப்பது அந்தக் காக்கைதான்.

வெளியூர்க்காரர்கள் எழுதும் குறிப்புகளில் முதல் வரியே "கதகதப்பாக வையுங்கள்" என்றிருக்கும். வேலூரில் அக்னி நட்சத்திரத்தில், வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும் மத்தியானத்தில், சிமென்ட் தரையில் கிடக்கும் குஞ்சுக்கு வேண்டியது நிழல். அலகைத் திறந்து வேகமாக மூச்சு வாங்கினாலோ இறக்கையை விரித்துப் போட்டுக் கிடந்தாலோ அதற்குச் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். மரத்தடி மண்ணுக்கு மாற்றுங்கள். இறகில்லாத குஞ்சை ராத்திரி வைத்திருக்க நேர்ந்தால் அப்போது கதகதப்பு வேண்டும். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வைத்தால், சூடு அதிகமானால் குஞ்சைத் தள்ளி வைக்க இடம் இருக்கும்.

தண்ணீர், பால் இரண்டும் வாயில் ஊற்றாதீர்கள். நான் ஐந்தாவது படிக்கும்போது குடியாத்தத்தில் எங்கள் ஆயா வீட்டு ஓட்டிலிருந்து ஒரு சிட்டுக்குருவிக் குஞ்சு விழுந்தது. இங்க் ஃபில்லரைக் கழுவி அதில் பசும்பால் எடுத்து, வாய் திறந்தபோதெல்லாம் ஒவ்வொரு சொட்டாக விட்டேன். மூக்கு ஓட்டையில் வெள்ளையாக ஒரு குமிழி வந்தது. கொஞ்ச நேரத்தில் தலை சாய்ந்துவிட்டது. பறவைக்கு மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது, ஊற்றுவது நேரே நுரையீரலுக்குப் போகும் என்று பல வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். பால் அதற்குச் செரிக்கவும் செரிக்காது. அந்தக் குமிழியை இன்னும் மறக்க முடியவில்லை, அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். சோறு, பிரெட், பிஸ்கட்டும் வேண்டாம். குஞ்சுக்கு வேண்டியது பெரும்பாலும் பூச்சி, அதையும் பகலெல்லாம் அரை மணிக்கு ஒரு தரமாவது ஊட்ட வேண்டும். வேலைக்குப் போகிற நம்மால் அது முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, எப்போதுதான் தூக்கிப் போவது? ரத்தம் தெரிந்தால், இறக்கை ஒரு பக்கம் தொங்கினால், எறும்பு மொய்த்திருந்தால், தாய் செத்துக் கிடப்பதைக் கண்ணால் பார்த்தால், இரண்டு மணி நேரம் தள்ளி நின்றும் எதுவும் வரவில்லை என்றால். பூனை வாயில் இருந்து மீட்டது என்றால் காயமே தெரியாவிட்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். பூனைப் பல் போட்ட ஓட்டை இறகுக்குள் மறைந்திருக்கும், பூனை எச்சிலில் உள்ள கிருமி ஒன்றிரண்டு நாளில் குஞ்சைக் கொன்றுவிடும், ஆன்டிபயாடிக் இல்லாமல் பிழைப்பது கஷ்டம். மூடியில் ஓட்டை போட்ட செருப்புப் பெட்டியில் பழைய வேட்டித் துணியை விரித்து, குஞ்சை உள்ளே வைத்து மூடிவிடுங்கள். இருட்டும் அமைதியும் இருந்தாலே பாதி பயம் அடங்கும். செல்போனில் படம் எடுக்க, பிள்ளைகளுக்குக் காட்ட என்று திறந்து திறந்து பார்க்காதீர்கள். கால்நடை மருத்துவமனைக்குப் போகும் முன் பறவையைப் பார்ப்பார்களா என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள், வனத்துறை அலுவலகத்துக்கும் சொல்லுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ மறக்க வேண்டாம்.

சிலவற்றுக்கு வழி கொஞ்சம் வேறு. பாலாற்று மணலில் தனியாகப் பஞ்சு உருண்டை மாதிரி ஒரு குஞ்சு அசையாமல் படுத்திருந்தால் அது ஆள்காட்டிப் பறவையின் குஞ்சாக இருக்கலாம். பொரித்த கொஞ்ச நேரத்திலேயே ஓடக்கூடியது, தாய் கத்தியதும் அப்படியே படுத்துக்கொள்ளும். தொடாமல் வந்த வழியே திரும்புங்கள், தலைக்கு மேல் தாய் கத்துவதும் அதற்காகத்தான். புளியமரப் பொந்திலிருந்து ஆந்தைக் குஞ்சு விழுந்தால் அபசகுனம் என்று கல்லெறிபவர்கள் இன்னும் இருக்கிறார்கள், பகலில் காக்கைகளும் விடாது. தடித்த துணியால் மூடித் தூக்குங்கள், கால் நகம் கிழித்துவிடும். முடிந்தால் அதே பொந்தில் வைத்துவிடுங்கள், இருட்டியதும் தாய் வரும். கிளிக் குஞ்சு கிடைத்தால் கூண்டு வாங்க ஓடாதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது குற்றம், அன்பாக வளர்த்தாலும் குற்றம்தான்.

இன்னொன்று. கரண்ட் கம்பியில் படுகிறது என்று கிளை வெட்ட ஆள் வருவது பெரும்பாலும் சித்திரை, வைகாசியில்தான், கூட்டில் குஞ்சு இருக்கும் நேரமும் அதுவே. வெட்டுவதற்கு முன்னால் ஒரு தரம் மரத்தைச் சுற்றி வந்து பாருங்கள். சிட்டுக்குருவிக் குஞ்சு இரண்டு வாரத்தில் கூட்டை விட்டுவிடும், மைனாவுக்கு மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் மேலே, காக்கைக்கு ஏறக்குறைய ஒரு மாதம். எங்கள் தெரு வேப்பமரத்துக்கு ஆள் வந்தபோது கூட்டைக் காட்டிக் கேட்டோம். கம்பியைத் தொட்ட இரண்டு கிளையை மட்டும் வெட்டிவிட்டு, மிச்சத்துக்கு ஆடியில் வருகிறோம் என்று போய்விட்டார்கள்.