பதினெட்டுக்குள் செய்த குற்றம்: பரோல் மனு எழுதும் முன் கவனியுங்கள்

"பையனுக்குப் பரோல் கிடைக்குமா சார்?" என்றுதான் சிறையில் இருப்பவரின் வீட்டார் பெரும்பாலும் கேட்கிறார்கள். சம்பவம் நடந்த அன்று அவனுக்குப் பதினெட்டு முடியவில்லை என்றால் முதல் தவறே இந்தக் கேள்விதான். பரோலில் வந்தவர் மறுபடி உள்ளே போக வேண்டும். தண்டனை அப்படியே இருக்கும். அன்று அவன் சிறுவன் என்று நிரூபித்தால், பெரியவர்களுக்கு விதிக்கும் அந்தத் தண்டனையே பொதுவாக நிற்காது. சிறார்களுக்கான இளைஞர் நீதிச் சட்டத்தில், சிறப்பு இல்லத்தில் (சிறார் சீர்திருத்த இல்லத்தில்) வைப்பதே அதிகபட்சம் 3 ஆண்டுதான்.

"சுப்ரீம் கோர்ட்டு வரை போய் முடிந்துவிட்டதே" என்று கைவிடுவது அடுத்த தவறு. 2015இல் வந்த அந்த இளைஞர் நீதிச் சட்டத்தின் 9ஆவது பிரிவுப்படி, 'சம்பவத்தன்று அவன் சிறுவன்' என்ற கோரிக்கையை வழக்கு முழுக்க முடிந்த பிறகும் வைக்கலாம். 1994இல் நடந்த ஒரு கொலை வழக்கில் 14 வயதுப் பையனுக்கு மரண தண்டனை விதித்தார்கள். அவன் பெயரில் வங்கிக் கணக்கு இருந்ததால் வயது வந்தவன் என்று கருதிவிட்டார்கள்! குடியரசுத் தலைவர் தண்டனையைக் குறைத்தபோதும் 60 வயது வரை வெளியே விடக்கூடாது என்பது நிபந்தனை. சுமார் 25 ஆண்டு சிறையில் கழிந்த பிறகு, 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது.

ஆதாரத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஆதார் அட்டையை நீட்டாதீர்கள், அது பிறந்த தேதிக்குச் சான்று ஆகாது. அதே சட்டத்தின் 94ஆவது பிரிவு முதலில் கேட்பது பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லாவிட்டால் நகராட்சியோ பஞ்சாயத்தோ தந்த பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதுதான் வயதைக் கணிக்கும் எலும்புப் பரிசோதனை. அதில் ஓரிரு வயது முன்பின் ஆகலாம், அவசரப்பட்டு அதைக் கேட்காதீர்கள். பள்ளியில் வேறு பெயர் இருக்கிறதே என்றும் பயப்பட வேண்டாம். 2023இல் 28 ஆண்டுக்குப் பிறகு விடுதலையானவருக்கு வழக்கில் ஒரு பெயர், ராஜஸ்தான் பள்ளிப் பதிவேட்டில் வேறு பெயர். விசாரித்து, இருவரும் ஒருவரே என்று உறுதி செய்தார்கள். சம்பவத்தின்போது அவருக்கு வயது 12.

ஒன்றை மறைக்கக் கூடாது: 2016 ஜனவரிக்குப் பிறகு நடந்த கொடுங்குற்றம் என்றால், 16 முதல் 18 வயதுக்குள் இருந்தவரைப் பெரியவர் போல விசாரிக்க வழி உண்டு. அப்போதும் மரண தண்டனையோ, விடுதலைக்கு வழியில்லாத ஆயுள் தண்டனையோ தர முடியாது.

சரி, இப்போது என்ன செய்வது? தொடக்கப் பள்ளிக்குப் போய், சேர்க்கைப் பதிவேட்டில் அவன் பெயருள்ள பக்கத்துக்குத் தலைமையாசிரியர் கையெழுத்தும் முத்திரையும் போட்ட நகல் வாங்குங்கள். அப்புறம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். சிறையில் இருப்பவருக்கு அங்கே வழக்கறிஞர் இலவசம்.