மாடலர் வாங்கும் முன்: வீட்டில் கிட்டார் பதிவு செய்பவர்கள் வழுக்கும் இடங்கள்

மாடி வீட்டுத் தம்பி ஆறு மாதம் காசு சேர்த்து ஒரு ஆம்ப் மாடலர் வாங்கினான், அதாவது பல கிட்டார் ஆம்ப்களின் (ஒலிபெருக்கிகளின்) ஒலியைக் கணக்குப் போட்டு உருவாக்கித் தரும் ஒரு பெட்டி. மறுநாள் காலை ஏழு மணிக்கே கதவைத் தட்டினான். "அண்ணா, யூடியூப்ல கேட்டப்ப எப்படி இருந்துச்சு! என் கையில தகர டப்பாக்குள்ள வண்டு மாட்டின மாதிரி கத்துது. பீஸ் டிஃபெக்ட்டா? திருப்பிக் குடுத்துடலாமா?"

ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்தேன். வண்டுதான், சந்தேகமில்லை. திரையைப் பார்த்தால் ஆம்ப் எரிகிறது, டிலே (எதிரொலி) எரிகிறது, நடுவில் கேபினட் என்ற கட்டம் மட்டும் அணைந்து கிடக்கிறது. அதை ஒரு தட்டுத் தட்டினேன். வண்டு போய்விட்டது. தம்பி பேந்தப் பேந்த விழித்தான்.

நடந்தது இதுதான். கிட்டார் ஆம்பில் இருக்கும் ஸ்பீக்கர் வீட்டில் பாட்டு கேட்கும் ஸ்பீக்கர் போன்றதல்ல. செலஸ்டியன் விண்டேஜ் 30 என்ற பெயர் பெற்ற ஸ்பீக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அளவுத் தாளில் 70 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை என்றுதான் போட்டிருக்கும். அதற்கு மேல் ஒலி சரசரவென்று இறங்கிவிடும். டிஸ்டார்ஷன் (ஒலியை வேண்டுமென்றே உடைத்துக் கரகரப்பாக்குவது) கிளப்பும் கீச்சுகளில் பெரும்பகுதி அந்த மேல் பகுதியில்தான் இருக்கிறது. அதையெல்லாம் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பே வடிகட்டிவிடுகிறது. ஹெட்போனோ 20,000 ஹெர்ட்ஸ் வரை எல்லாவற்றையும் அப்படியே காதில் கொட்டும். வடிகட்டாத காபியை மண்டியோடு குடிப்பது போல. மாடலருக்குள் இருக்கும் கேபினட் கட்டமோ, ஐஆர் என்ற சின்ன ஒலிக்கோப்போ செய்வது அந்த வடிகட்டும் வேலையைத்தான். ஒரு ஸ்பீக்கர், அதன் முன்னால் ஒரு மைக், இரண்டும் சேர்ந்து ஒலியை எப்படி மாற்றும் என்பது அந்தக் கோப்பில் பதிவாகியிருக்கும்.

இதே தவறைத் தலைகீழாகச் செய்பவர்களும் உண்டு. கேபினட் கட்டத்தை எரியவிட்டு, மாடலரை ஒரு சாதாரண கிட்டார் ஆம்பின் முன்பக்க இன்புட்டில் செருகுவார்கள். இரண்டு ஆம்ப், இரண்டு ஸ்பீக்கர், ஒன்றின் மேல் ஒன்று. போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கும். பிறகு மாடலிங்கே போலி, உண்மையான ஆம்ப் மாதிரி வருமா என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

அதனால் யார் என்னிடம் மாடலர் வாங்கலாமா என்று கேட்டாலும் நான் பதிலுக்கு இரண்டைத்தான் கேட்பேன்: எதில் செருகப் போகிறீர்கள், எதில் கேட்கப் போகிறீர்கள்? காசு வீணாவது பெரும்பாலும் பெட்டிக்குள் அல்ல, பெட்டிக்கு முன்னாலும் பின்னாலும்.

எண்ணிக்கையைப் பார்த்து வாங்குவது

1998ல் லைன் 6 நிறுவனம் சிவப்பு ராஜ்மா விதை போன்ற உருவத்தில் பாட் என்ற பெட்டியை விற்க ஆரம்பித்தபோது, அதில் எத்தனை ஆம்ப் இருக்கிறது என்பது நியாயமான கேள்வி. அதற்கப்புறம் 2006ல் ஃபிராக்டல் ஆடியோவின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ், 2011 வாக்கில் கெம்பர், 2015ல் ஹீலிக்ஸ், 2021ல் குவாட் கார்டெக்ஸ் என்று வரிசையாக வந்து தரம் எங்கோ போய்விட்டது. இன்று நடுத்தர விலைப் பெட்டி ஒன்றிலேயே ஆம்ப் பட்டியல் பக்கம் பக்கமாக ஓடுகிறது. "பிரிட் பிளெக்ஸி", "யுஎஸ் டீலக்ஸ்" என்று பெயரைச் சற்றே மாற்றி வைத்திருப்பார்கள். மார்ஷல், ஃபெண்டர் என்று நேரடியாகப் போட முடியாது, அவை வேறொருவரின் வணிகப் பெயர்கள். ஒரு வருடம் கழித்துப் பாருங்கள், நீங்கள் பயன்படுத்துவது மூன்றே மூன்றாக இருக்கும்.

பட்டியலின் நீளத்தை விட முக்கியமானது, ஒரே நேரத்தில் எத்தனை கட்டங்களை ஓட்டலாம் என்பது. லைன் 6ன் எச்எக்ஸ் ஸ்டாம்ப் என்ற சின்ன மாடலர் 2018ல் வந்தபோது ஆறு கட்டம்தான். 2020ல் ஒரு ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) மாற்றத்தில் அது எட்டானது. வீட்டுப் பதிவுக்கு ஆறே போதும்: கேட் (இரைச்சலை அடக்குவது), டிரைவ் (கரகரப்பைக் கூட்டுவது), ஆம்ப், கேபினட், டிலே, ரிவெர்ப் (அறையின் முழக்கம்). எண்ணிப் பாருங்கள், ஆறு. ரிவெர்பை எப்படியும் பிறகு ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில்தான் போடப் போகிறீர்கள்.

கடையில் சோதிக்கும்போது எல்லோரும் முதலில் போவது உச்ச கெயினுக்கு, அதாவது கரகரப்பை முழுசாக ஏற்றிய நிலைக்கு. அங்கே ஐயாயிரம் ரூபாய்ப் பெட்டியும் ஐம்பதாயிரம் ரூபாய்ப் பெட்டியும் ஏறத்தாழ ஒன்று போலவே கர்ஜிக்கும். நீங்கள் செய்ய வேண்டியது வேறு. ஒலி இப்போதுதான் உடைய ஆரம்பிக்கிறது என்ற அளவில் ஆம்பை வையுங்கள். பிறகு கிட்டாரின் வால்யூம் நாபை 10லிருந்து 5க்கு இறக்கி மெதுவாக மீட்டுங்கள். ஒலி தெளிய வேண்டும். அளவு மட்டும் குறைந்து, அதே கரகரப்பு அப்படியே நின்றால் அந்தப் பெட்டியை வைத்துவிட்டு வாருங்கள். தடுமாறும் பெட்டி இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்ளும். சொந்தக் கிட்டாரையும் சொந்த ஹெட்போனையும் கொண்டுபோங்கள். கடைக்காரர் தரும் கிட்டார் பெரும்பாலும் உங்களுடையதை விட நல்லதாக இருக்கும், அதுதான் ஆபத்து.

டெமோ வீடியோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் நீங்கள் கேட்பது மாடலரை மட்டும் அல்ல. ஒரே வாசிப்பை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து இடம், வலம் என்று பிரித்து, கீழே பாஸ் கிட்டாரும் டிரம்ஸும் சேர்த்து, மிக்ஸ் செய்து முடித்த ஒலி அது. அப்புறம், வாசிப்பவரின் கை. அதைப் பெட்டியோடு சேர்த்துத் தருவதில்லை.

மாடலும் கேப்சரும் ஒன்றல்ல

இதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். மாடல் என்றால் ஆம்பின் சுற்று எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கணக்காக எழுதி வைத்திருப்பது. நாபைத் திருப்பினால் நிஜ ஆம்பில் என்ன ஆகுமோ அது ஆகும். கேப்சர் அல்லது புரொஃபைல் என்றால் ஒரு நிஜ ஆம்பை ஒரு குறிப்பிட்ட அமைப்பில் வைத்து எடுத்த புகைப்படம். அந்த ஒரு அமைப்பில் அசத்தும். ஆனால் பெரும்பாலான கேப்சர்களில் நீங்கள் பிறகு திருப்பும் பேஸ், ட்ரெபிள் எல்லாம் புகைப்படத்தின் மேல் பூசும் நிறம்தான், ஆம்புக்குள் இருக்கும் நாப் அல்ல. எனக்கு ஒரு ஒலி பிடித்தால் அதையே பத்துப் பாட்டுக்கு வைத்துக்கொள்வேன் என்பவருக்குக் கேப்சர் பொருந்தும். உட்கார்ந்து திருகிக்கொண்டே இருப்பவருக்கு மாடல்தான் சரி. நான் இரண்டாவது வகை, அதைச் சொல்லிக்கொள்வதில் பெருமை ஒன்றும் இல்லை.

யுஎஸ்பி ஓட்டை இருந்தால் போதும் என்று நினைப்பது

இதில் விழுந்தது நான். முதல் மாடலரை ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கினேன். பெயர் வேண்டாம். பின்னால் யுஎஸ்பி இருக்கிறது, அப்படியானால் நேராகக் கணினியில் பதிவு செய்யலாம் என்று கணக்குப் போட்டேன். வீட்டுக்கு வந்து செருகினால் கணினி அதை ஒலிக்கருவியாகவே ஏற்கவில்லை. அந்த யுஎஸ்பி ஃபர்ம்வேர் மாற்றுவதற்கும் ஒலி அமைப்புகளைச் சேமிப்பதற்கும் மட்டும்தானாம். விலைக்குறிப்பில் "யுஎஸ்பி" என்றுதான் போட்டிருந்தது, பொய் இல்லை. ஒரு மாதம் கழித்துத் தனியாக ஆடியோ இன்டர்ஃபேஸ் (கிட்டார் ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் பெட்டி) வாங்க வேண்டியதாயிற்று.

பார்க்க வேண்டிய சொல் "யுஎஸ்பி ஆடியோ". அதிலும் இன்னொரு கேள்வி: எத்தனை சேனல்? நல்ல பெட்டிகள் ஆம்ப் போட்ட ஒலியை ஒரு ட்ராக்கிலும், கிட்டாரிலிருந்து வரும் வெறும் ஒலியை இன்னொரு ட்ராக்கிலும் ஒரே நேரத்தில் அனுப்பும். அந்த வெறும் ட்ராக் பொன். வாசிப்பு அருமையாக வந்து ஆம்ப் பொருந்தவில்லை என்றால் மறுபடி வாசிக்க வேண்டாம், வெறும் ட்ராக்கைத் திரும்பப் பெட்டிக்குள் அனுப்பி வேறு ஆம்பில் பதிவு செய்துகொள்ளலாம். ரீஆம்பிங் என்பார்கள். நள்ளிரவில் நல்ல டோன் என்று நினைத்தது காலையில் காதைக் குத்தும்போது இதன் அருமை புரியும்.

பெட்டியே தேவையா என்று கேட்காமல் விடுவது

இன்டர்ஃபேஸும் சுமாரான கணினியும் ஏற்கெனவே இருந்தால், பதிவுக்கு மட்டும் என்றால், பெட்டி தேவைப்படாமலே போகலாம். நியூரல் ஆம்ப் மாடலர் என்ற இலவச, திறந்த மூல ப்ளக்-இன் (ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்குள் ஓடும் துணை நிரல்) இருக்கிறது. அதற்கான கேப்சர்களையும் பலர் இலவசமாகவே தருகிறார்கள். ஒரு வாரம் அதில் ஓட்டிப் பாருங்கள். போதும் என்று தோன்றினால் அந்தக் காசில் நல்ல ஹெட்போன் வாங்கலாம்.

ப்ளக்-இன் வழியில் இரண்டு குழிகள் உண்டு. முதலாவது லேட்டன்சி, அதாவது மீட்டுவதற்கும் கேட்பதற்கும் இடையிலான தாமதம். பஃபரை (கணினி ஒரு தடவையில் சேர்த்துக் கையாளும் ஒலித்துண்டை) 128 சாம்பிள் வைத்தால், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு வழிக்கு 2.7 மில்லிசெகண்ட். போக, வர, இடையில் மாற்றும் நேரம் எல்லாம் சேர்ந்தாலும் விரலுக்கு உறுத்தாது. 512 வைத்தால் போக வர மட்டுமே 21 மில்லிசெகண்டைத் தாண்டும். ஒலி ஒரு மில்லிசெகண்டில் 34 சென்டிமீட்டர்தான் போகும். ஆக, ஆம்பிலிருந்து ஏழு மீட்டர் தள்ளி நின்று வாசிப்பது போல. வேகமான வாசிப்பில் தாளம் நழுவும், நம் கை சரியில்லை என்று நினைத்துக்கொள்வோம். விண்டோஸில் இருப்பவர்கள் இன்டர்ஃபேஸ் நிறுவனத்தின் சொந்த ஏசியோ டிரைவரை (தாமதத்தைக் குறைக்கும் இணைப்பு மென்பொருள்) போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். கணினி பழசு, 128ல் படபடவென்று வெடிக்கிறது என்றால் அங்கேதான் தனிப் பெட்டிக்கு நியாயம் வருகிறது. ஒலிக்கணக்கை அது தானே போட்டுக்கொள்ளும், கணினிக்குப் பதிவு செய்யும் வேலை மட்டும். அப்போது சாஃப்ட்வேரில் அந்த ட்ராக்கின் மானிட்டரை (வாசிக்கும்போதே ஒலியைத் திருப்பிக் கேட்கவைக்கும் வசதியை) அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் பெட்டியிலிருந்து ஒன்றும் கணினியிலிருந்து ஒன்றுமாக இரட்டைக் குரல் கேட்கும்.

இரண்டாவது குழி, செருகும் இடம். கிட்டார் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் பாகம்) பலவீனமான ஜீவன். அதை இன்டர்ஃபேஸின் லைன் இன்புட்டில் செருகினால் மேல் ஒலிகள் மங்கிச் சோர்ந்துவிடும். "இன்ஸ்ட்ரூமென்ட்" அல்லது "ஹை-இசட்" என்று போட்ட, 1 மெகாஓம் அளவில் உள்ள இன்புட்தான் வேண்டும். கெயின் நாபையும் சிவப்பு விளக்கு மினுக்கும் வரை ஏற்றாதீர்கள். குரல் பதிவில் பழகிய கை அப்படித்தான் போகும். ஆனால் ப்ளக்-இன்னுக்குள் இருக்கும் ஆம்ப் நிஜ கிட்டாரின் அளவை எதிர்பார்க்கிறது. அதிகமாகக் கொடுத்தால் சுத்தமான ஆம்ப் கூடக் கரகரக்கும், பழி மாடல் மீது விழும். கீழிருந்து ஆரம்பியுங்கள்.

படுக்கையறை டோன்

தனியாக, ராத்திரி, சத்தம் குறைத்து வைத்து டோன் அமைக்கிறோம். சத்தம் குறைந்தால் நம் காதுக்கு அடிக்குரலும் உச்சக்குரலும் குறைவாகக் கேட்கும். மனிதக் காதின் அமைப்பு அப்படி. அதை ஈடுகட்ட பேஸ் ஏற்றுவோம், ட்ரெபிள் ஏற்றுவோம், நடுவைக் குறைப்போம், மேலே தாராளமாக ரிவெர்ப். தனியாகக் கேட்டால் பிரமாதம். பாட்டில் பாஸ் கிட்டார் நுழைந்ததும் கீழ்ப்பகுதி அதோடு மல்லுக்கட்டும், சிம்பலில் மேல்பகுதி கரையும், நடுவில் கிட்டார் இருந்த இடத்தில் ஒன்றும் இருக்காது.

மாடலரோடு வரும் தயார் டோன்கள் பலவும் இந்த ரகம்தான். கடையில் தனியாக ஒலிக்கும்போது வாயைப் பிளக்க வைக்க வேண்டும் என்று செய்தவை. அவற்றைக் கேட்டுப் பெட்டியை எடை போடாதீர்கள். பின்னால் ஒரு டிரம்ஸ் ட்ராக்கும் பாஸும் ஓடவிட்டு, கெயினை நீங்கள் விரும்புவதை விடக் கொஞ்சம் குறைத்து, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிக் கேளுங்கள். தனியாகக் கேட்டால் மெலிந்து மூக்கால் பேசுவது போல இருந்த டோன் பாட்டுக்குள் நிமிர்ந்து நிற்கும்.

மாடி வீட்டுத் தம்பிக்கு கேபினட் சரியானதும் அடுத்த புகார் வந்தது, "ங்ஙே" என்று ஒரு இரைச்சல். அவனுடையது சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள் பிக்கப்) கிட்டார், உட்கார்ந்திருந்தது லேப்டாப் அடாப்டருக்கு அரை அடி தள்ளி. நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை அந்த பிக்கப் ரேடியோ போலப் பிடித்துக்கொண்டிருந்தது. நாற்காலியைச் சுவர்ப்பக்கம் கால்வாசி திருப்பச் சொன்னேன், பாதி அடங்கிற்று. லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டியதும் இன்னும் கொஞ்சம் அடங்கியது. மிச்சத்துக்கு நாய்ஸ் கேட்.

அவன் வீட்டில் வேறொரு பெடலின் அடாப்டர் சும்மா கிடக்கிறது, அதை மாடலருக்குப் போடலாமா என்றும் கேட்டான். இரண்டும் 9 வோல்ட்தான். ஆனால் அந்த அடாப்டர் தருவது 100 மில்லிஆம்பியர், மாடலர்கள் கேட்பது பல மடங்கு. எச்எக்ஸ் ஸ்டாம்போடு வரும் அடாப்டரே 3 ஆம்பியர். பிளஸ் மைனஸ் எந்தப் பக்கம் என்ற சின்னப் படம் அடாப்டரின் முதுகில் இருக்கும், அதையும் பெட்டியின் பின்பக்கத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னேன். போனில் டார்ச் அடித்து இரண்டையும் படித்துவிட்டு, பழைய அடாப்டரை மறுபடி டிராயருக்குள் போட்டான்.